ஷிப்ட் மாறும் ஊரில் ஜெபம்: தமிழ்க் கிறிஸ்தவ ஜெப மரபுகளும் அவற்றின் அளவுகோல்களும்

ஒரகடத்தில் விடியற்காலை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஏ ஷிப்டுக்காரருக்கு அது அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் நேரம். சி ஷிப்டுக்காரருக்கு, வேலை முடிந்து ரூமுக்கு வந்து, ஜன்னலில் போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துப் படுக்கும் நேரம். அடுத்த வாரம் இருவருக்கும் ஷிப்ட் மாறும். விடியலும் இடம் மாறிவிடும். அதிகாலை ஜெபத்தைப் பற்றி நம் மேடைகளில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம், படப்பை வரை பரந்து கிடக்கும் இந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்தில் அந்தப் பேச்சு யாரை எட்டுகிறது என்பதை மட்டும் நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை.

தொழிற்பேட்டையாக இந்த வட்டாரத்துக்கு வயது அதிகமில்லை. ராமாநுஜர் பிறந்த ஊர் என்ற பெருமை ஸ்ரீபெரும்புதூருக்கு ஆயிரம் ஆண்டுகளாக உண்டு. அங்கே கோவிலில் வேளை தவறாமல் பிரபந்தம் ஓதும் முறையும் உண்டு. ஆனால் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் கார் வெளிவந்தது 1998-ல்தான். ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-லும் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை 2012-லும் ராயல் என்ஃபீல்டு 2013-லும் வந்தன. ஏரிப் பாசன ஊர்கள் வாடகை ரூம்களின் ஊர்களாயின. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, விழுப்புரம் பிள்ளைகள் வந்தார்கள்; பின்னாலேயே ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் ஜெபப் பழக்கத்தையும் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். மணப்பாட்டுப் பையன் செபமாலையோடு வந்தான். நாசரேத்துப் பெண் குடும்ப ஜெபப் பழக்கத்தோடு வந்தாள். முழு இரவு ஜெபத்தில் வளர்ந்தவரும் அதே மாடியில் வாடகைக்கு இருக்கிறார். ராஞ்சிப் பக்கத்து லுத்தரன் பையன் இந்தியில் பாடுகிறான்.

இத்தனை மரபுகள் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கின்றன. ஜெபத்தில் உறுதியாய்த் தரித்திருத்தல் என்றால் என்ன என்று கேட்டால் ஒவ்வொன்றும் ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடுவது இந்த மலரின் வாசகர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். ஏனென்றால் ஜெப வாழ்வு தளர்ந்துபோன நம் வாலிபர்கள் குற்ற உணர்வோடு என்னிடம் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "ஜெபிக்க நேரமே கிடைக்கலய்யா." அதைச் சாக்குப்போக்கு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இந்த மரபுகளை ஜெபப் பள்ளிகள் என்று அழைக்கிறேன்; மிகப் பழைய பள்ளியிலிருந்து தொடங்குகிறேன். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அங்கே பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. போர்த்துகீசியமும் தமிழும் அறிந்தவர்களை உட்காரவைத்து விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் மரியன்னை ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் ஆக்கிக்கொண்டார். ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் தம்மைச் சாப்பிடவும் உறங்கவும் தம் சொந்தக் கட்டளை ஜெபத்தைச் சொல்லவும் விடாமல் கற்றுத்தரும்படி நெருக்குகிறார்கள் என்று அவர் கடிதத்தில் எழுதினார். ஊரைவிட்டுப் புறப்படும்போது ஜெபங்களின் பிரதி ஒன்றை அங்கே வைத்துவிட்டு, மக்களைக் கூட்டி நாள்தோறும் சொல்லவைக்க ஒருவரையும் நியமித்துவிட்டுப் போனார். கணக்கப்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அந்த எளிய ஊழியக்காரரைக் கவனியுங்கள். பின்னால் அவர் நமக்குத் தேவைப்படுவார். 1578-ல் கொல்லத்தில் என்றீக்கே என்றீக்கஸ் அடிகள் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அதில் இருந்தவை ஜெபங்களும் ஞானோபதேசமும்.

இந்தப் பள்ளியின் அளவுகோல் எளிது. மனப்பாடமாகத் தெரியுமா, வேளை தவறாமல் சொல்கிறாயா, அவ்வளவுதான். உதட்டு ஜெபம் என்று இதைப் பழிக்கும் வழக்கம் நம் சீர்திருத்த சபைகளில் நெடுநாளாக உண்டு. அந்தப் பழி நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை. இருட்டில் கட்டுமரத்தில் போகிறவன் புத்தகத்தைத் திறந்து ஜெபிக்க முடியாது. இன்றைய அசெம்பிளி லைனிலும் முடியாது. மொபைல் வெளியே லாக்கரில் இருக்கிறது, கையில் கையுறை, கண்கள் பலகையின்மேல். சுங்குவார்சத்திரம் பக்கம் மின்னணுச் சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி செபமாலை மோதிரம் வைத்திருந்தாள். உள்ளே உலோகம் எதுவும் போட்டுக்கொண்டு போக முடியாது என்பதால் அதை ரூமில் கழற்றி வைத்துவிட்டு, விரல் கணுக்களில் எண்ணிச் சொல்லப் பழகிக்கொண்டாள். தேநீர் இடைவேளைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் செபமாலையின் பத்து மணிகள் முடிந்துவிடும் என்றாள். லைனுக்குள் நுழைய அனுமதி பெற்ற ஜெபம் மனப்பாட ஜெபம் ஒன்றுதான். அதைக் கற்றுக்கொடுக்கத் தவறிய சபைகள் தங்கள் பிள்ளைகளை அந்த எட்டு மணி நேரமும் வெறுங்கையோடு அனுப்புகின்றன.

அடுத்த பள்ளி தரங்கம்பாடியில் பிறந்தது. மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9-ல் அங்கே கரையிறங்கினார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர்கள் அவர்கள். தன் சொந்த வார்த்தையில், தன் வீட்டில், வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஜெபிக்காதவனுடைய விசுவாசம் கரைசேராது என்று நம்பினார்கள். அந்த விதை முழு வளர்ச்சி கண்டது திருநெல்வேலிச் சீமையில். 1799-ல் சாத்தான்குளம் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் முதலூர் உருவானது. பிறகு ஒவ்வொன்றாகக் கிறிஸ்தவ ஊர்கள் எழுந்தன. நடுவில் ஆலயம், காலையும் மாலையும் ஆலயமணி, உபதேசியார் வேதம் வாசித்து ஜெபம் நடத்துவார். பனையேறும் தொழிலாளி விடியுமுன் மரத்தில் இருக்கிறவர். ஆண்டில் பல மாதம் நாளுக்கு இரண்டு மூன்று வேளை ஏறி இறங்குகிறவர். அப்படிப்பட்ட உழைப்பாளிகளின் ஊரில்தான் அந்த மணி நாள் தவறாமல் ஒலித்தது. நேரம் நிறைய இருந்தவர்கள் கட்டிய மரபு அல்ல இது.

வீட்டுக்குள் அதன் தொடர்ச்சி குடும்ப ஜெபம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ பாய் விரித்து, ஒரு பாமாலையோ கீர்த்தனையோ பாடி, ஒரு அதிகாரம் வாசித்து, அப்பா ஜெபிப்பார். நடுவில் கடைக்குட்டி தூங்கிவிழும். தெற்கத்திக் கிறிஸ்தவர் யாரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார்கள். தொழிற்பேட்டை வாழ்க்கை அதிகமாய் உலுக்கியது இந்தப் பள்ளியைத்தான். குடும்பம் சாத்தான்குளத்தில், பிள்ளை வல்லத்தில். ஆனாலும் அது செத்துவிடவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பாயின் நடுவில் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு ஜெபிக்கும் தாய்மாரை நான் அறிவேன். பி ஷிப்டில் இருக்கும் மகன் இடைவேளைப் பத்து நிமிடத்தில் லாக்கரைத் திறந்து, கான்டீன் சுவரோரம் நின்று காதில் வைத்துக் கேட்கிறான். அவன் வாய்திறந்து ஜெபிக்கும் முறை வரும்போது சுற்றிலும் தட்டுகளின் சத்தம். "சத்தமா சொல்லுப்பா, அப்பாவுக்குக் கேக்கல" என்று அம்மா சொல்கிறாள். அவன் சொல்கிறான்.

மூன்றாவது, காத்திருப்பின் பள்ளி. இதைப் பெந்தெகொஸ்தேயினரோடு மட்டும் சேர்த்துப் பேசுவது வழக்கம். இதன் தமிழ் வேர் அதற்கு முந்தியது. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், மிஷன் சம்பளம் எதையும் சாராமல், திருவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்டியன்பேட்டையை உருவாக்கியவர். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் எழுந்த எழுப்புதலின் செய்தி அங்கும் எட்டியிருந்தது. 1860-ல் அவருடைய கூட்டங்களில் ஜனங்கள் பாவ அறிக்கையோடு கதறினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருக் கூட்டங்களுக்கு 46 ஆண்டு முன்னதாக, தமிழர் ஒருவர் தலைமையில் தமிழ் மண்ணில் நடந்தது இது. அருளப்பன் 1867-ல் இறந்தார். 1920-களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், இன்று தி பெந்தெகொஸ்தே மிஷன் என்ற பெயரில் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிறது. வெள்ளுடை, மணமில்லா ஊழிய வாழ்வு, ஊழியர்கள் சேர்ந்து வாழும் விசுவாச வீடு, காத்திருப்புக் கூட்டம் என்று தனக்கென ஓர் ஒழுங்கை அது வைத்திருக்கிறது. படப்பையிலிருந்து புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் இரும்புலியூரை அடைந்துவிடலாம். நம் வட்டாரத்தின் முழு இரவு ஜெபங்கள், உபவாச ஜெபங்கள் பலவற்றில் இந்தப் பள்ளியின் சாயல் தெரியும்.

இது தந்த கொடை பெரியது. ஆலயத்தில் வாய்திறக்க உரிமை இல்லாதிருந்த எளியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இது குரல் கொடுத்தது. பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்னும் பிடிவாதம் வேதத்தில் யாக்கோபு காட்டிய பிடிவாதம். ஆனால் இதன் அளவுகோல் கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கணக்காகவும் சத்தத்தின் அளவாகவும் சுருங்கிவிட்ட இடங்கள் உண்டு. அங்கே எனக்கு வருத்தமும் கவலையும் இருக்கின்றன. இரவு முழுவதும் பிரஸ் மெஷினில் நிற்க வேண்டிய ஒருவனைப் பகல் உபவாச ஜெபத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று அழைப்பதும், வராதவனைக் குளிர்ந்துபோனவன் என்று பெயரிடுவதும் தவறு. தூக்கமில்லாத கண்ணுக்கு முன்னால் இயங்குவது பல டன் அழுத்தத்தோடு இறங்கும் இயந்திரம். சூரைச்செடியின் கீழ் சாகலாம் என்று படுத்த எலியாவிடம் தேவதூதன் முதலில் ஜெபம் கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பாடு கொடுத்தான். ஓரேபுக்குப் போகும் வழி அதற்குப் பிறகுதான் திறந்தது. ஷிப்ட் முடித்து வருகிறவனின் தூக்கத்தைக் காப்பதும் ஒரு சபையின் ஜெப ஒழுங்கில் சேர்ந்ததே.

நான்காவது பள்ளியைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்க விரும்புகிறேன்; எனக்குப் பிரியமான பள்ளி அது. மற்றவர்களுக்காக மன்றாடுவதையே ஜெபத்தின் முதுகெலும்பாகக் கொண்ட பள்ளி. 1901-ல் டோனாவூருக்கு வந்து 1951-ல் அங்கேயே மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த இல்லத்துக்காக யாரிடமும் பணம் கேட்பதில்லை, தேவனிடம் மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டார். 1931-ல் விழுந்து காயப்பட்டபின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறையிலேயே கிடந்தார். அந்த அறையிலிருந்து மன்றாட்டும் எழுத்தும் நிற்கவில்லை. பஞ்சாபில் பிறந்த பக்த் சிங், 1941-ல் பல்லாவரம் மலையில் உடன் ஊழியர்களோடு ஓர் இரவு முழுவதும் ஜெபித்தபின் சென்னையில் யெகோவா ஷம்மா சபையைத் தொடங்கினார். இன்று விமானங்கள் தாழப் பறந்து கடக்கும் அந்த மலையைக் கம்பெனி பஸ்ஸில் ஜி.எஸ்.டி. சாலை வழியாக வரும் நம்மவர்கள் தினமும் தாண்டுகிறார்கள்.

இந்தப் பள்ளியின் மிகத் தெளிவான வடிவம் ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட். தென்தமிழ்நாட்டு வாலிபர்களின் ஜெபக்குழுக்களாக 1959-ல் அது முளைத்தது. மிஷனரி அனுப்பும் சங்கமாக அது தொடங்கப்படவில்லை, வெறும் ஜெபக்குழுக்கள். முதல் மிஷனரி தர்மபுரி மாவட்ட மலைக்குப் போனது 1967-ல். இடையில் எட்டு ஆண்டுகள் ஜெபம் மட்டும். இன்றும் அதன் அடித்தளம் ஊர் ஊராக இருக்கும் சிறு ஜெபக்குழுக்கள்தான். ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர், கையில் மாத இதழ், அதில் பணித்தளங்களின் பெயர், குடும்பங்களின் பெயர். தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு பழங்குடிக் கிராமத்தின் பெயரை உச்சரிக்கத் தடுமாறிக்கொண்டே மாதந்தோறும் ஜெபிக்கிற அம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வல்லத்தில் ஒரு வீட்டுக்கூட்டத்தில் ஒரு நோட்டைப் பார்த்தேன். கோடுபோட்ட நாற்பது பக்கப் பள்ளி நோட்டு. வைத்திருப்பவர் கான்டீனில் வேலை பார்க்கும் அம்மா. இடப்பக்கம் பெயர், அதற்கெதிரே விண்ணப்பம், ஒரே வரியில்: 'கான்ட்ராக்ட் ரினியூ ஆகணும்', 'தங்கச்சி கல்யாணக் கடன்', 'குடி விடணும்', 'ஊருக்குப் போக லீவு'. வலப்பக்கம் தேதி எழுத இடம். பல வரிகளுக்கு நேரே தேதி விழுந்திருந்தது. பல வரிகளுக்கு நேரே வெறுமையாக இருந்தது. 'குடி விடணும்' என்ற வரி மூன்று நோட்டுகளாகத் தொடர்கிறதாம். ஒவ்வொரு நோட்டு முடியும்போதும் தேதி விழாத வரிகளைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் திரும்ப எழுதிக்கொள்வாராம். ஜெபத்தில் விடாமுயற்சி என்பதைப் பற்றி நான் வாசித்த எதையும்விட அந்த முதல் பக்கம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

மௌனத்தின் பள்ளியும் நம்மிடம் உண்டு. சவரிராயன் இயேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921-ல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-ல் எழுந்த சாந்திவனம் ஆகியவை அதன் முகங்கள். சத்தத்திலேயே வாழ்கிற தொழிலாளிக்கு அரைமணி மௌனம் எவ்வளவு பெரிய உணவு என்பதை நம் சபைகள் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொழிலோடு பிறந்த ஜெபத்துக்கு வெளியுலகிலும் முன்னோடிகள் உண்டு. நியூயார்க்கில் 1857 செப்டம்பர் 23-ல், ஃபுல்டன் தெரு ஆலயத்தில், ஜெரமையா லான்ஃபியர் என்ற சாதாரண விசுவாசி மதிய உணவு நேரத்தில் ஜெபக்கூட்டம் வைத்தார். முதல் நாள் ஆறு பேர்தான் வந்தார்கள். வேலைக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், பாதியில் எழுந்து போகலாம் என்பது அவர் வைத்த விதி. அருளப்பனின் காதுவரை எட்டிய எழுப்புதல் செய்தி அப்படிப்பட்ட ஒரு மதியச் சாப்பாட்டு வேளையிலிருந்து கிளம்பியது. நம் தொழிற்சாலைகளுக்கு வந்த கொரியர்களின் நாட்டிலோ, பியாங்யாங்கில் 1907 எழுப்புதலோடு சேர்த்து நினைக்கப்படும் போதகர் கில் சன்-ஜூ பரப்பிய அதிகாலை ஜெபம் சபையின் அன்றாடப் பழக்கமாகவே ஆகிவிட்டது. வேலைக்குப் போகுமுன் ஆலயத்துக்கு வந்து போவது அங்கே சாதாரணம். சென்னையில் கொரிய மொழியில் ஆராதிக்கும் சபைகளும் இருக்கின்றன. ஒரே தொழிற்சாலையின் இரு வாசல்களில் நுழையும் இரு ஜெப மரபுகள் இன்றுவரை கைகுலுக்கிக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தீராத குறை.

இனி அளவுகோல். மனப்பாடம், வேளை, குடும்பம், கண்ணீர், மணிக்கணக்கு, பெயர்ப்பட்டியல், மௌனம் என்று ஒவ்வொரு பள்ளிக்கும் ஒன்று. இவற்றுக்கு மேலே நாமாகச் சேர்த்துக்கொண்ட ஒன்று, பலன். கேட்டது கிடைத்ததா என்ற கேள்வி. சாட்சி சொல்லும் நேரத்தில் வேலை கிடைத்தவரும் விசா கிடைத்தவரும் எழுந்து நிற்கிறார்கள். கிடைக்காதவர் எழுந்து நிற்பதில்லை.

இந்த அளவுகோலை நம் வட்டாரம் கடுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ல் நின்றுபோனது. வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில், பெரும்பகுதி இளம்பெண்கள். பக்கத்தில் மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. மூடக்கூடாது என்று எத்தனை வீடுகளில், எத்தனை வெள்ளிக்கிழமைகளில் மன்றாட்டு நடந்தது என்பதை அந்த வீடுகளுக்குப் போனவர்கள் அறிவோம். மூடிவிட்டார்கள். அதன்பின் ஜெபத்தை விட்டவர்கள் உண்டு; அவர்களைக் குறைசொல்ல எனக்கு நாவில்லை. விடாதவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர், அப்போது இருபத்து நான்கு வயது, இன்று இரண்டு பிள்ளைகளின் தாய், என்னிடம் சொன்னார்: "கம்பெனிக்காக ஜெபிச்சது நின்னுபோச்சுய்யா. கூட லைன்ல நின்ன பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறது நிக்கல. யார் யார் எங்க இருக்காங்கன்னு இன்னும் எனக்குத் தெரியும்." அந்தப் பிள்ளைகளில் கிறிஸ்தவர்கள் சிலரே. பலனை அளவுகோலாக வைத்தால் இந்தச் சகோதரிக்கு மதிப்பெண் இல்லை. லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தை அளவுகோலாக வைத்தால் அவருக்கு எதிரே நிற்க எனக்குத் தகுதியில்லை.

அந்த அதிகாரத்து விதவையை நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் தவறாகவே நிறுத்துகின்றன. விடாமல் தொந்தரவு செய்தால் தேவன் இறங்குவார் என்று முடிக்கிறோம். இயேசுவோ நீதியற்ற நியாயாதிபதியைத் தேவனுக்கு உவமையாகக் காட்டவில்லை. தேவன் அவனைப் போன்றவர் அல்லர் என்பதற்காகவே காட்டினார். விதவையிடம் வக்கீல் இல்லை, பணம் இல்லை, சிபாரிசு இல்லை. தினமும் எழுந்து அந்த வாசலுக்கு நடக்கும் கால்கள் மட்டும் இருந்தன. பி.எஃப். பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்த கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இந்தப் பெண்ணை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் கேட்டதும் நியாயத்தைத்தான் என்பதை மறந்துவிடக்கூடாது. கூலிக்கும் பாதுகாப்புக்கும் நியாயம் கேட்பதும் ஜெபிப்பதும் அவளிடம் இரண்டாகப் பிரியவில்லை.

எல்லாப் பள்ளிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் பளிச்சென்று தெரிவது ஒன்று உண்டு. எந்தப் பள்ளியும் விடாமுயற்சியைத் தனிமனிதனின் மன உறுதியிடம் ஒப்படைக்கவில்லை. சவேரியார் கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டுப் போனார். திருநெல்வேலி ஊரில் உபதேசியார் மணியடித்தார். வீட்டில் அப்பா பாய் விரித்தார். விசுவாச வீட்டில் ஒழுங்கு இருந்தது. ஜெபக்குழுவில் மாதக்கூட்டத் தேதி இருந்தது. நேரத்தைக் காக்க எப்போதும் இன்னொருவர் இருந்தார். தொழிற்பேட்டைக்கு வந்த பிள்ளையிடம் நாம் அந்த இன்னொருவரை எடுத்துவிட்டோம்; 'ஜெபி' என்ற கட்டளையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினோம். தவறும்போது குற்ற உணர்வையும் சேர்த்துக் கொடுத்தோம். ஜெபத்துக்கு முதலிடம் கொடுப்பது முதலில் சபையின் பொறுப்பு, பிறகுதான் தனி ஆளின் பொறுப்பு. எருசலேமில் விதவைகளின் பந்தி விசாரணையில் குறை எழுந்தபோது அப்போஸ்தலர் அந்தக் குறையைத் தள்ளிவிடவில்லை; ஏழு பேரை அதற்கென்றே நியமித்துவிட்டு, ஜெபத்துக்குரிய நேரத்தைக் காத்துக்கொண்டார்கள். அது சபை கூடி எடுத்த நிர்வாக முடிவு.

ஆகவே இந்த வட்டாரத்துப் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள்கள் நடைமுறை சார்ந்தவை. ஜெப நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள்; ஷிப்ட் மாறினாலும் மாறாத ஒன்றோடு கட்டிக் கொடுங்கள். பஸ் ஏறுமுன், பஞ்ச் செய்யுமுன், ஷூவைக் கழற்றியபின், இப்படி. ஐந்து நிமிடம் என்றால் ஐந்தே நிமிடம். அது எல்லா ஷிப்டிலும் நிலைக்கட்டும். இரண்டு மூன்று ஜெபங்களையும் சில சங்கீதங்களையும் மனப்பாடமாக்குங்கள். வெள்ளி இரவு ஜெபத்துக்கு வரமுடியாதவனுக்குச் செவ்வாய் காலை பத்து மணிக்கு ஒரு கதவு திறந்திருக்கட்டும். லான்ஃபியர் சொன்னதுபோலப் பாதியில் எழுந்து போகவும் அனுமதி இருக்கட்டும். ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ரூமில் மூத்தவரைக் கணக்கப்பிள்ளையாக வையுங்கள், "இன்னைக்கு ஜெபிச்சியா தம்பி?" என்று அண்ணன் உரிமையோடு கேட்கிற ஒருவர் போதும்.

இன்னொன்று. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர்கள் 1727 ஆகஸ்ட் 27-ல் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். இருபத்து நான்கு ஆண்களும் இருபத்து நான்கு பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பகலும் இரவும் ஜெபத்தைத் தொடர்வது. அந்தச் சங்கிலி நூறு ஆண்டுக்கு மேல் அறுபடவில்லை. அதே மொரேவியர்கள் 1760-ல் தரங்கம்பாடிக்கும் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தார்கள். ஹெர்ன்ஹூட்டில் நள்ளிரவு மணியைக் காக்க யாராவது தூக்கத்தைவிட்டு எழவேண்டியிருந்தது. ஒரகடத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்கும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விழித்தே இருக்கிறார்கள். டீ பிரேக்கில் பத்து நிமிடம், பஸ்ஸில் வரும் முக்கால் மணி நேரம், ரூமில் தனியே இருக்கும் பகல் நேரம் என்று துண்டு துண்டாகச் சேர்த்தால் நாளின் இருபத்து நான்கு மணியையும் ஷிப்ட் வாரியாகப் பிரித்துக்கொள்ள முடியும். ஆளுக்கு அரைமணி என்றாலும் நாற்பத்தெட்டுப் பேர் போதும். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபைகளும் ஆளுக்குச் சிலரைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் பட்டியல் நிறைந்துவிடும். ஷிப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமை பட்டியலை மாற்றி எழுத ஒருவர் வேண்டும். நம் சபையில் அதை ஏற்க முன்வருகிறவர்கள் இந்த மாதக் கூட்டத்திலேயே பெயர் கொடுக்கலாம். முதல் பட்டியலை எழுதும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.